மணல் மேடுகளை எழுதியவர்



தெமட்டகொடையில் இருந்து பேஸ்லைன் வீதி வழியே பொரளைக்கு வந்து, மொடல் பாம் வீதியில் திரும்பினால், இந்த நெரிசல் நகரத்துக்குள் இப்படியும் ஓர் இடமா என்று வியக்கத்தக்க பச்சைப் பரப்பொன்று கண்ணிற்படும். றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் மைதானம் அது. றிட்ஜ்வே லிங்க்ஸ் என்று அதற்குப் பெயர். களனிவெளி ரயில் பாதை அதனை ஊடறுத்துச் செல்கிறது. கழகத்தில் அங்கத்துவம் பெறுவதை எண்ணிப் பார்க்கவும் வசதியில்லாத என் போன்ற ஆசிரியர்கள், அவிசாவளை ரயிலின் ஜன்னலோரத்தில் இருந்து சிறிது நேரம் அதனைக் காணலாம். ஒருவர் கையில் கோலுடன், ரயில் போகட்டும் என்று காத்து நிற்பார். ரயில் போய்விடும். அவர் அடித்தாரா, பந்து எங்கே விழுந்தது என்பது நமக்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பில் ஒரு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்தேன். கொழும்பின் இடப்பெயர்கள் சிலவற்றைத் தமிழில் விளக்குமாறு கேட்டிருந்தேன். ஒரு மாணவன் 'றிட்ஜ்வே இணைப்புகள்' என்று எழுதிக் கொண்டு வந்தான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான், சரியான விடை எனக்கும் தெரியாது என்பது உறைத்தது. லிங்க் என்றால் இணைப்பு. அப்படியாயின் எதனோடு எது இணைகிறது?

அகராதியைப் புரட்டினேன். இந்த லிங்க்ஸுக்கும் சங்கிலி இணைப்புக்கும் யாதொரு உறவும் இல்லை. மேட்டு நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றில் இருந்து பிறந்தது இது. ஸ்கொட்லாந்து மக்கள் தம் பேச்சில், கடலுக்கும் உழுநிலத்துக்கும் இடையே கிடக்கும் மணல் பூமியை லிங்க்ஸ் என்றார்கள். கடல் பின்வாங்கிய இடத்தில் காற்று மணலைக் குவித்து மேடும் பள்ளமுமாக வைத்தது. நீண்ட வேர் கொண்ட புல்லொன்று அந்த மணலைப் பிடித்து நிறுத்தியது. உழவுக்கு உதவாது. வீடு கட்டவும் உகந்ததல்ல. ஆகவே அது பொது நிலமாயிற்று. ஆடு மேய்ந்தது, முயல் வளை தோண்டியது, பெண்கள் துணி வெளுத்து உலர்த்தினார்கள், இளைஞர்கள் வில்வித்தை பழகினார்கள். வில்வித்தையை விட்டுவிட்டுப் பந்தடிக்கிறார்களே என்று 1457 இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இந்த விளையாட்டைத் தடை செய்தது. தடையால் விளையாட்டு அழியவில்லை. 1552 இல் சென்ற் அன்ட்ரூஸ் நகரின் பேராயர் எழுதிக் கொடுத்த பத்திரத்தில், அங்குள்ள மணல் நிலத்தில் விளையாடும் உரிமை ஊர் மக்களுக்கு உண்டென்று உறுதிப்படுத்தப்பட்டது.

அந்த உரிமை சும்மா நிலைத்துவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நகரசபை கடனில் மூழ்கி அந்த நிலத்தைக் கைவிட்டபோது, முயல் வளர்ப்போர் அங்கு வந்து சேர்ந்தனர். முயலுக்கும் பந்துக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் வழக்கும் கைகலப்பும் நடந்தன. 1821 இல் விளையாட்டில் பற்றுள்ள நிலச்சுவாந்தர் ஒருவர் அதனை வாங்கிய பிறகே சண்டை ஓய்ந்தது. 1894 இல் நகரமே அதனைத் திரும்பப் பெற்றது. உலகம் போற்றும் அந்தப் பழைய மைதானம் இன்றும் பொதுச் சொத்து. வழமையான ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கு ஆட்டம் கிடையாது. அன்று ஊர்ச்சனம் நாயையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அதன்மீது உலாவுகிறது.

இனிக் கொழும்புக்கு வருவோம். கடல் கடந்து போன வெள்ளையர் தங்களோடு கொண்டுபோன சாமான்களில் கோல்ப் கோல்களும் இருந்தன. கல்கத்தாவில் 1829 இலேயே கழகம் கண்டார்கள். பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அமைந்தவற்றுள் இன்றும் நிலைத்திருக்கும் மிகப் பழைய கழகம் அதுவே. கொழும்பில் 1879 இல் கழகம் தொடங்கியது. அவர்கள் முதலில் விளையாடிய இடம் எது தெரியுமா? நமது காலிமுகத்திடல். ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைப் பீரங்கிக்கு மறைப்பின்றி இருக்கட்டும் என்று வெட்டவெளியாக விடப்பட்ட நிலம் அது. பின்னர் அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. 1856 இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் கடலோரமாக நடைபாதை அமைக்கத் தொடங்கி 1859 இல் முடித்தார். கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நலன் கருதி இதனைப் பேணுமாறு தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டை இன்றும் அங்கே காணலாம். அந்தப் பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்கும் இடத்தில் பந்து பறந்தால் என்ன ஆகும் என்பதை நேயர்களின் கற்பனைக்கு விடுகிறேன்.

1896 இல் கழகம் பொரளைப் பக்கம் வந்தது. அப்போதைய தேசாதிபதி சேர் ஜோசப் வெஸ்ற் றிட்ஜ்வேயின் பெயரை மைதானத்துக்குச் சூட்டினார்கள். 1928 இல் 'றோயல்' என்ற பட்டமும் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. காலிமுகத்தில் ஸ்கொட்லாந்து மணல் மேடு இல்லாவிட்டாலும் கடலாவது இருந்தது, உப்புக் காற்றாவது வீசியது. அதனை விட்டு நகரின் உட்புறத்துக்கு, சதுப்பும் கால்வாயும் உள்ள பகுதிக்கு வந்தபோதும் லிங்க்ஸ் என்ற சொல்லைக் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நெய்தலின் பெயர் மருதத்தில் ஒட்டிக்கொண்டது. (நாரஹேன்பிட்ட அருகே அண்டர்சன் லிங்க்ஸ் என்று இன்னொன்றும் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது எதிரியின் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் கடற்படை நிலையமாக அது மாறியது. அண்டர்சன் என்ற பெயர் இன்று தொடர்மாடிக் குடியிருப்பாக வாழ்கிறது.)

இவ்வளவும் தேடிக்கொண்டிருந்த நாட்களில்தான், டி.ஆர். விஜேவர்த்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் எனக்கு அந்த நூல் கிடைத்தது. பிரித்தானியத் தீவுகளின் கோல்ப் மைதானங்கள் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. 1910 இல் முதலில் வெளிவந்தது. என்னிடம் அகப்பட்டது பிற்காலத்து மறுபதிப்பு, அட்டை கழன்றது. ஹரி றவுன்ட்றீ என்ற ஓவியரின் வர்ணப் படங்கள் உள்ளே இருந்தன. எழுதியவர் பேர்னாட் டார்வின். டார்வின் என்ற பெயருக்காகவே வாங்கினேன் என்பதை மறைப்பானேன்?

ஐயம் வேண்டாம், அதே டார்வின் குடும்பந்தான். பரிணாமக் கொள்கை தந்த சாள்ஸ் டார்வினின் பேரன் இவர். 1876 இல் பிறந்தார். பிறந்த சில நாட்களில் தாய் இறந்துபோனார். தந்தை பிரான்சிஸ் குழந்தையோடு பெற்றோர் வீட்டில் தங்கிவிட, பேர்னாட் பாட்டன் பாட்டியின் மடியில் வளர்ந்தார். பாட்டனார் அந்நாட்களில் மண்புழுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு வயலின் மேற்பரப்பை மண்புழுக்கள் எவ்வாறு மெதுமெதுவாகப் புரட்டிப்போடுகின்றன என்று பல்லாண்டு கவனித்து எழுதிய அவருடைய கடைசி நூல் 1881 இல் வந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தபோது பேரனுக்கு ஆறு வயதும் நிறையவில்லை. பாட்டன் காலடி நிலத்தைக் குனிந்து பார்த்தார். பேரனும் வாழ்நாள் முழுதும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் பந்து எங்கே விழுகிறது என்ற கவலையோடு.

பேர்னாட் கேம்பிரிட்ஜில் படித்தார், சட்டத்தரணியானார், அத்தொழில் மனதுக்கு ஒட்டாமல் விட்டார். 1907 முதல் 1953 வரை லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கோல்ப் பற்றி எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள்! அதில் பெருங்காலம் அவருடைய பெயர் அச்சாகவில்லை. 'எமது கோல்ப் நிருபர்' என்ற மூன்று சொற்களே இருக்கும். வாசகர்களோ இரண்டு வாக்கியங்களில் ஆளை அறிந்துகொண்டார்கள். சாள்ஸ் டிக்கன்ஸின் நாவல்களை ஏறத்தாழ மனப்பாடமாக வைத்திருந்த மனிதர். போட்டியின் முடிவைச் சொல்ல வரும் இடத்தில் டிக்கன்ஸின் பாத்திரம் ஒன்று குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். இலக்கியம் சார்ந்த அவருடைய விளையாட்டு எழுத்துக்காக 1937 இல் அரச விருதும் கிடைத்தது.

சரி, மைதானத்தைப் பற்றி என்னதான் எழுதுவது? நூலைத் திறக்கும்போது எனக்கும் அந்த ஐயம் இருந்தது. இத்தனை யார் நீளம், இத்தனை குழி, இன்ன இடத்தில் திருப்பம் என்றால் அது நில அளவையாளர் அறிக்கை. டார்வின் செய்வது வேறு. அவர் ரயிலில் ஏறுகிறார். ஜன்னல் வழியே கடல் தெரிகிறதா என்று குழந்தைபோல் எட்டிப் பார்க்கிறார். இறங்கியதும் காற்று எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று சொல்கிறார். அதன் பிறகு நம்மைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். அந்த மேட்டை ஏறும்வரை அப்பால் என்ன இருக்கிறதென்று நமக்கும் தெரியாது. முதன்முறை அங்கே நின்றபோது தனக்கு எவ்வளவு பயமாயிருந்தது என்பதை ஒளிப்பதில்லை. நிலத்தின் அமைப்பை அவர் மனித உணர்ச்சியின் வழியாகச் சொல்கிறார். பேராசையைத் தூண்டும் இடம், கோழையை வெளிப்படுத்தும் இடம், பொறுமைசாலிக்குப் பரிசளிக்கும் இடம் என்று மேடு பள்ளங்கள் குணம் பெறுகின்றன. நம் தமிழ் மாணவனுக்கு இதனைப் புரியவைக்க எனக்கு அதிக நேரம் தேவையில்லை. முதல், கரு, உரி என்று படித்தவனல்லவா அவன்? நிலத்தைச் சொல்லி மனத்தைச் சொல்லும் வித்தை நம்முடையது.

அவர் எல்லாவற்றிலும் மேலாக நேசித்தது வேல்ஸ் கடற்கரையில் உள்ள அபர்டோவி என்ற சிற்றூர். தாய்வழி உறவினர் வாழ்ந்த பக்கம் அது. அவருடைய மாமன் ஒருவர், ஊர்ப் பெண்மணி ஒருவரிடம் ஒன்பது பூச்சாடிகளைக் கடன் வாங்கி வந்து, கடலோர மேய்ச்சல் நிலத்தில் புதைத்து, அவற்றையே குழிகளாக வைத்து ஆட்டத்தைத் தொடக்கியதாக டார்வின் சொல்கிறார். ஒரு கழகத்தின் வரலாறு தேசாதிபதியிலும் பட்டயத்திலும் தொடங்காமல் ஒரு பெண்ணின் பூச்சாடியில் தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அங்கேயும் மைதானத்தை ஒட்டி ரயில் ஓடுகிறது. அங்கு போகும் நாளில் ஒவ்வொரு நிலையமாக எண்ணிக்கொண்டு போகும் அந்த மனிதரைப் படிக்கையில், ஊருக்குப் போகும் யாழ்ப்பாண ரயிலில் வவுனியா தாண்டியதும் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருக்கும் நம்மவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

பெயர்களில் அவருக்கு இருந்த மோகத்தையும் சொல்ல வேண்டும். 1860 இல் முதலாவது திறந்த சுற்றுப்போட்டி நடந்த பிறெஸ்ற்விக் மைதானத்தில் இரண்டு மணல் மேடுகளுக்கு அல்ப்ஸ், இமயம் என்று பெயர். ஒரு தென்னை உயரமும் இராத இமயம்! சென்ற் அன்ட்ரூஸில் ஒரு பெரிய மணற்குழிக்கு நரகம் என்று பெயர். சவப்பெட்டிகள் என்று சில குழிகள் உண்டு. சாண்ட்விச் என்ற ஊரில் ஒரு மணற்குன்றுக்குக் கன்னி என்று பெயர். இவையெல்லாம் கழகக் குழு கூடி வைத்த பெயர்களல்ல. விழுந்து எழுந்தவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்தவை. டார்வின் அவற்றைப் பழைய நண்பர்களைப்போல் அழைக்கிறார்.

இந்த மணற்குழிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் பங்கர். இந்த இடத்தில் நான் நூலைச் சற்று மூடி வைத்தேன். வடமராட்சியில் பிறந்த என் வயதுக்காரருக்குப் பங்கர் என்றால் வேறு பொருள். 1987 இல் எங்கள் வீட்டு முற்றத்திலும் ஒன்று இருந்தது. மேலே பனங்குற்றிகளை அடுக்கி, மண் மூட்டைகளைப் போட்டிருந்தார்கள். ஹெலி சத்தம் கேட்டால் அம்மா எங்களை அதற்குள் தள்ளுவார். உள்ளே மணல் குளிர்ச்சியாக இருக்கும். அந்தச் சொல்லை ஒரு மனிதர் பக்கம் பக்கமாக நகைச்சுவையோடு எழுதிப்போவதைப் படிக்க எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு பொறாமை வந்தது. மணலில் குழி என்றால் பந்து விழும் இடம் என்று மட்டுமே அறிந்து வாழ முடிந்திருக்கிறதே என்று.

உண்மையில் அவரும் போர் அறியாதவரல்லர். முதலாம் உலகப் போரில் மக்கெடோனியாவில் பணியாற்றியிருக்கிறார். அதனைப் பற்றி அதிகம் புலம்பவில்லை, அவ்வளவுதான்.

டார்வினை மெச்சிக்கொண்டே போனால் அது திறனாய்வாகாது. அவர் பணக்கார வர்க்கத்தின் மனிதர். அவருடைய பக்கங்களில் வரும் கழக வீடுகளின் நாற்காலிகள் எல்லாம் அவருக்காகவே போடப்பட்டவை. கோற்பையைத் தோளில் சுமந்து கூட நடக்கும் கெடிப் பையன்கள் பல இடங்களில் வேடிக்கைப் பாத்திரங்களாக வந்து மறைகிறார்கள். அவர்கள் வீட்டில் அன்று உலை கொதித்ததா என்று அவர் கேட்பதில்லை. ஆட்டத்தில் தோற்கும்போது கோபக்காரர் என்றும் பெயரெடுத்தவர்.

ஆனாலும் ஒரு சம்பவம் அவருக்காகச் சாட்சி சொல்கிறது. 1913 இல் அமெரிக்காவின் புறூக்லைன் நகரில் அந்நாட்டின் திறந்த சுற்றுப்போட்டி நடந்தது. ஹரி வார்டன், டெட் றே என்ற இரு பிரித்தானிய மல்லர்களோடு சமநிலைக்கு வந்தவர் பிரான்சிஸ் வீமே என்ற இருபது வயது இளைஞர். மைதானத்துக்கு எதிர் வீட்டில் வளர்ந்து, முன்னர் அங்கேயே கெடியாகப் பை சுமந்தவர். அவருக்குப் பை சுமந்து வந்தவன் பத்து வயதுச் சிறுவன். மறுநாள் நடந்த தீர்வு ஆட்டத்தில் அந்த இளைஞரின் புள்ளி அட்டையைக் குறித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தவர் பேர்னாட் டார்வின். வீமே 72 அடிகளில் முடித்தார். வார்டனுக்கு 77, றேக்கு 78. தன் நாட்டவர் தோற்றுப்போனதை டார்வின் எழுதிய விதத்தில் கசப்பில்லை. பை சுமந்த பிள்ளை கோலேந்தியதைக் கண்ணாரக் கண்டு, அப்படியே எழுதினார்.

இன்னொரு வேடிக்கை. 1922 இல் அமெரிக்காவில் முதலாவது வோக்கர் கிண்ணப் போட்டி நடந்தபோது அவர் செய்தி எழுதப் போனார். பிரித்தானிய அணித் தலைவர் நோயில் விழ, நிருபரையே பிடித்து இறக்கினார்கள். நாற்பத்தைந்து வயது நிருபர் தன் தனியாட்டத்தில் அமெரிக்க அணித் தலைவரை வென்றார். அணி தோற்றது. அதனையும் அவரே எழுதி அனுப்பியிருக்க வேண்டும்!

டார்வின் 1961 இல் மறைந்தார். அதே ஆண்டில் லண்டனில் தொடங்கிய 'சண்டே டெலிகிராப்' பத்திரிகையில் டொனால்ட் ஸ்டீல் என்ற இளைஞர் கோல்ப் நிருபரானார். அவரும் ஊரூராய் நடந்து, பிரித்தானியா, அயர்லாந்து லிங்க்ஸ் மைதானங்களைப் பற்றி 1992 இல் நூல் எழுதினார். டார்வினிடம் இல்லாத ஒன்று ஸ்டீலிடம் இருந்தது. மைதானங்களை வரைந்து அமைக்கும் தொழிலையும் அவர் கற்றிருந்தார். நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? கண்டிக்கு அப்பால் திகனையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில், 1999 இல் திறக்கப்பட்ட மைதானத்தை வடிவமைத்தவர் இந்த ஸ்டீல்தான். கடற்கரை மணலைப் பற்றி எழுதிய கை, மகாவலி மலைச்சாரலில் கோடு போட்டிருக்கிறது. நம் நாட்டு மண்ணில் எழுத்தும் நிலமும் இப்படிச் சந்தித்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மலையகத்திலேயே இன்னும் பழையது 1889 இல் தொடங்கிய நுவரெலியாக் கழகம். என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்று தமிழ்ப் பெயர் தாங்கிய இலங்கைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இந்தியச் சுற்றுப்போட்டிகளில் ஆடிப் பெயர் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் நடந்த மைதானங்களைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரையை நான் இன்னும் படிக்கவில்லை.

மணலுக்குத் திரும்புவோம். லிங்க்ஸ் நிலங்கள் இன்றுவரை எஞ்சியிருப்பதற்குக் காசும் ஒரு காரணம், சட்டமும் ஒரு காரணம். எழுத்தும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பயனற்ற மணல் என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி, ஒவ்வொரு மேட்டுக்கும் பெயரும் கதையும் அச்சில் ஏறிவிட்டன. இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் 1864 இல் தொடங்கிய மைதானம் ஒன்று இருக்கிறது. அது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம். அந்தப் பற்றில் அடுப்பு மூட்டிப் பானை வைக்கும் குடும்பத்தவர்க்கு அங்கே ஆடு மேய்க்கும் உரிமை உண்டு. ஆட்டக்காரர் ஆட்டுக்கு வழிவிட்டே ஆகவேண்டும். இது ஒரு பக்கம்.

மறு பக்கமும் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடக்கே, காற்றோடு நகர்ந்துகொண்டிருந்த அரிய மணல் மேடுகளின் மேல் அமெரிக்கச் செல்வர் டொனால்ட் ட்ரம்ப் அமைத்த மைதானம் 2012 இல் திறக்கப்பட்டது. நகரும் மணலைப் புல் வைத்துக் கட்டிப்போட்டார்கள். அந்த மேடுகளுக்கு இருந்த பாதுகாக்கப்பட்ட அறிவியல் நிலம் என்ற தகுதி 2020 இல் நீக்கப்பட்டது. மேட்டுக்கேற்ப ஆட்டத்தை வளைத்த காலம் போய், ஆட்டத்துக்கேற்ப மேட்டை வளைக்கும் காலம் வந்ததன் விளைவு அது. டார்வின் இருந்திருந்தால் கோலை முழங்காலில் வைத்து முறித்திருப்பார்.

இவற்றைப் படிக்கும்போதெல்லாம் என் கண்முன் நின்றது ஸ்கொட்லாந்து அன்று. வல்லிபுரம். ஆழ்வார் கோயிலைச் சுற்றிக் கிடக்கும் மணல். 1936 இல் பழைய பொன்னேடு கண்டெடுக்கப்பட்ட ஊர் என்று வரலாற்று ஆசிரியர்கள் அறிவார்கள். நான் அறிந்தது வேறு. புரட்டாதியில் கடல் தீர்த்தத்துக்கு மணல் மேடுகள் மீது சனம் வெள்ளம்போல் நடக்கும். கால் புதையும், சூடு பிடிக்கும், பிள்ளைகள் மேட்டின் உச்சியில் இருந்து உருண்டு வருவார்கள். அதற்கப்பால் மணற்காடு. மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் அங்கே நிற்கின்றன. இராவணன் மீசை என்று நாங்கள் சொல்லும் முட்புல் பந்துபோல் உருண்டு ஓடும். அதனைத் துரத்துவதே எங்கள் விளையாட்டு. சங்கப் புலவர் அடும்பு என்று பாடிய அதே கொடி, எங்களூரில் அடம்பன் கொடியாகி மணலைப் பிடித்துக்கொண்டிருந்தது. திரண்டால் மிடுக்கு என்று பழமொழியில் வருவதும் அதுதான். ஸ்கொட்லாந்துப் புல் அங்கே செய்கிற வேலையை இங்கே அடம்பன் செய்கிறது.

நெய்தல் நிலத்து மணலில் பெண்கள் வண்டல் விளையாடியதையும் நண்டைத் துரத்தியதையும் சங்கப் பாடல்களில் படிக்கிறோம். ஆனால் அந்தப் பாடல்களுக்குப் பிறகு, குறித்த ஒரு மணல் மேட்டை, அதன் பெயரோடு, காற்றின் திசையோடு, நடந்து பார்த்து எழுதியவர்கள் எத்தனை பேர்? 2009 இல் போர் முடிந்து கட்டட வேலைகள் பெருகியபோது மணலுக்கும் கிராக்கி பெருகிற்று. டிராக்டர்களும் லொறிகளும் வந்தன. நான் சிறு வயதில் உருண்ட மேடு ஒன்று இப்போது இல்லை. அந்த இடத்தில் மழைநீர் தேங்கிய பள்ளம் இருக்கிறது. அந்த மேட்டுக்கு நாங்கள் ஒரு பெயர் வைத்திருந்தோம். எவ்வளவு யோசித்தும் அது என் ஞாபகத்துக்கு வரவில்லை. கனடாவில் இருக்கும் பால்ய நண்பனிடமும் தொலைபேசியில் கேட்டேன். அவனுக்கும் வரவில்லை. எழுதி வைக்காத குற்றம் என்னுடையது. தமிழ் படித்தவன் நான்தானே?

டார்வினின் ஒரு பகுதியை வகுப்பில் வாசித்துக் காட்டி, உங்களுக்குத் தெரிந்த விளையாடும் இடம் ஒன்றை நடந்து பார்த்து எழுதி வாருங்கள் என்று மாணவரைக் கேட்டேன். பெரும்பாலானோர் பெரிய மைதானங்களைப் பற்றி எழுதினார்கள், பத்திரிகையில் வருவதுபோலவே. ஒருவன் மட்டும் தெமட்டகொடை ரயில்வே குவாட்டர்ஸ் பின்னால், மதிலுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய துண்டு நிலத்தைப் பற்றி எழுதியிருந்தான். அங்கே அவர்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எஞ்சின் கொட்டகைப் பக்கம் பந்து போனால் ஆட்டமிழப்பு. ஒரு அம்மாவின் தகரக் கூரையில் விழுந்தால் ஆட்டமிழப்போடு வசவும் கிடைக்கும். ஓரமாக ஓடும் கானுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பேங்க். போட்டது திரும்பி வராதாம். இதுவரை தொலைந்த பந்துகளின் கணக்கையும் எழுதியிருந்தான், பதினொன்று. அந்த இடத்தின் நீள அகலம் மட்டும் கட்டுரையில் இல்லை. காலால் அடியெண்ணி அளந்து வரச் சொல்லியிருக்கிறேன்.